ஒரு கையெழுத்து என்ன செய்யும்?

ஆஸ்திரேலியக் குடிமகன் ஜூலியன் அசாஞ்சே செய்த குற்றம் என்ன? ஈராக், ஆப்கன் போர் இரகசியங்களை 2010-ல் வெளியிட்டார். அவரை நாடு கடத்தக் கேட்ட அமெரிக்கா, 18 குற்றச்சாட்டுகளை அடுக்கியது. 2019 முதல் 5 ஆண்டுகள் லண்டன் பெல்மார்ஷ் சிறை!

"அமெரிக்காவை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டா என்னப்பா ஆகும்?" என்பவர்களே, கேளுங்கள். அவர் தந்தை ஊர் ஊராய்ப் போய் நியாயம் கேட்டார். மக்களும் கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய பிரதிநிதிகள் சபையே 86-க்கு 42 என்று அவருக்காகத் தீர்மானம் போட்டது. ஜூனில் விடுதலை!

ஆனாலும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துத்தான் விட்டார்கள். உண்மையைச் சொன்னது குற்றம்னு பதிவாகிவிட்டதே, இது நியாயமா?

கைநாட்டு வைக்கும் குடும்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அநியாயம் எந்த நாட்டில் நடந்தாலும் அதற்கு எதிராகப் போடுவேன். நீங்க?