ஆறு நாளில் மூடப்பட்டது கழகமா, கடையா?

"ஐரோப்பியச் சனத்துக்கு அமெரிக்கன் ஃபுட்போல் ஏறாது. அதாலதான் என்.எஃப்.எல். யூரோப்பை இழுத்து மூடினவங்கள்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போய்விட்டது. யூரியூப் விளக்க வீடியோக்களில் அது இருக்கும். விளையாட்டுப் பக்கங்களில் வரும் "மறந்துபோன லீக்குகள்" வகைக் கட்டுரைகளிலும் இருக்கும். சொல்லுகிறவர்கள் ஒருவரும் பிராங்பேர்ட் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2007 ஜூன் 23. பிராங்பேர்ட் மைதானத்தில் வேர்ல்ட் போல் இறுதியாட்டம். பிராங்பேர்ட் கலக்ஸியும் ஹம்பேர்க் சீ டெவில்ஸும் மோதின. 48,000 பேர் வந்திருந்தார்கள். கலக்ஸி 37 - 28 என்று தோற்றது. தோற்றாலும் பரவாயில்லை, அடுத்த வசந்தத்தில் பார்ப்போம் என்று சனம் வீடு போனது. ஜூன் 29ஆம் திகதி என்.எஃப்.எல். அறிவித்தது: லீக் முடிந்தது, ஆறு அணிகளும் முடிந்தன. இடையில் ஆறே நாள். 48,000 பேர் வந்த ஒரு விளையாட்டைப் பார்த்து "எடுபடவில்லை" என்று சொல்லுவதற்கு நல்ல தைரியம் வேண்டும்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு: இது எங்கட உதைபந்தாட்டம் இல்லை. ஹெல்மெற்றும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, ரக்பி போல முட்டை வடிவப் பந்தைக் காவிக்கொண்டு ஓடுவது. கால் பந்தில் படுவது அபூர்வம். பெயர் மட்டும் ஃபுட்போல். அதை விட்டுவிடுவோம்.

எங்கட வாதம் இதுதான். கலக்ஸி செத்தது சனம் வராததால் இல்லை. அது ஒருநாளும் பிராங்பேர்ட்டுக்குச் சொந்தமாக இருக்காததால் செத்தது. இதைக் காட்ட கலக்ஸிக்கும் முந்திய கதையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் என்.எஃப்.எல். வந்துதான் ஜேர்மனியருக்கு இந்த விளையாட்டைக் காட்டியது என்பது இன்னொரு விசர்க்கதை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிராங்பேர்ட் அமெரிக்க இராணுவத்தின் பெரிய தளங்களில் ஒன்று. ஐ.ஜி. ஃபார்பன் கம்பனியின் பிரமாண்டமான தலைமையகக் கட்டிடத்திலேயே, 90களின் நடுப்பகுதி வரை, அமெரிக்கப் படை இருந்தது (இன்று அது கேதே பல்கலைக்கழகத்தின் கையில்). படைக்காரர் தளத்துக்குள் ஃபுட்போல் ஆடினார்கள், அவர்களுடைய வானொலி அந்த ஆட்டங்களை ஒலிபரப்பியது. நகரத்துப் பெடியள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பழகினார்கள். 1977இல் பிராங்பேர்ட்டர் லோவன், அதாவது பிராங்பேர்ட் சிங்கங்கள், என்று ஜேர்மனியின் முதலாவது அமெரிக்கன் ஃபுட்போல் கழகம் தொடங்கியது. எதிர்த்து ஆட நாட்டில் வேறு ஜேர்மன் கழகமே இல்லாத நிலையில் தொடங்கிய கழகம் அது! 1978இல் டுசல்டோர்ஃப் பாந்தர் வந்தது. 1979 ஓகஸ்டில் இரண்டும் மோத, ஜேர்மன் லீக் ஆரம்பமானது. லோவன் 38 - 0 என்று வென்றது. அந்த வருடம் நடந்த முதலாவது ஜேர்மன் போல் கிண்ணமும் லோவனுக்குத்தான், அடுத்த வருடக் கிண்ணமும் அவர்களுக்குத்தான். என்.எஃப்.எல். பிராங்பேர்ட்டில் கால் வைக்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது.

இந்தக் கழகங்கள் ஜேர்மன் மொழியில் "ஃபெரைன்" என்று சொல்லப்படுபவை. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு ஃபெரைனைப் பதியலாம், சட்டத்திலேயே உண்டு. உறுப்பினருக்கு ஆளுக்கு ஒரு வாக்கு. தலைவரைத் தெரிவதும் கணக்குக் கேட்பதும் பொதுக்கூட்டத்தில். எங்கட ஊர்களில் ஆலமரத்தடியிலோ வாசிகசாலை விறாந்தையிலோ கூட்டம் போட்டு, சந்தா சேர்த்து, பந்து வாங்கித் தொடங்குகிற விளையாட்டுக் கழகத்தை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரி.

1991இல் வந்தது வேறு சாமான். வேர்ல்ட் லீக் ஒஃப் அமெரிக்கன் ஃபுட்போல் என்ற பெயரில், என்.எஃப்.எல். ஆதரவோடு, பத்து அணிகள். ஏழு வட அமெரிக்காவில். ஐரோப்பாவில் லண்டன், பார்சிலோனா, பிராங்பேர்ட் என்று மூன்று. மார்ச் 23ஆம் திகதி கலக்ஸியின் முதல் ஆட்டம் லண்டன் மொனார்க்ஸுக்கு எதிராக. 23,000 பேருக்கு மேல் வந்தார்கள். கலக்ஸி 24 - 11 என்று தோற்றது. முதலாவது இறுதியாட்டம் வெம்பிளியில், லண்டனும் பார்சிலோனாவும் ஆட, 61,000 பேர் பார்த்தார்கள். ஐரோப்பாவில் கூட்டம் நிறைய, அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்க்க ஆளில்லை. இரண்டு சீசன் முடிய, 1992க்குப் பிறகு லீக் நிறுத்தப்பட்டது. யாருடைய ஆர்வக்குறைவுக்கு யார் தண்டனை அனுபவித்தார்கள் என்று கவனியுங்கள். அமெரிக்கன் ரி.வி. போடவில்லை, பிராங்பேர்ட்டுக்காரன் இரண்டு வருடம் பட்டினி.

1995இல், இந்த முறை ஃபொக்ஸ் தொலைக்காட்சியும் பங்காளியாக, ஐரோப்பிய அணிகள் ஆறோடு லீக் திரும்பி வந்தது. கலக்ஸி அந்த வருடமே கிண்ணம் எடுத்தது. பயிற்சியாளர் ஏர்னி ஸ்ராட்னர். பவேரியாவில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்கா போய், பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸில் ஆடி, ஹோல் ஒஃப் ஃபேமில் இடம் பிடித்த மனுசன். பிறகு 1999, 2003, 2006 என்று இன்னும் மூன்று கிண்ணங்கள். 15 இறுதியாட்டங்களில் 8இல் கலக்ஸி இருந்தது. லண்டன் 1998இல் போனது, பார்சிலோனா 2003இல், ஸ்கொற்லாந்து 2004இல். தொடக்கம் முதல் கடைசி வரை எல்லா சீசனும் ஆடிய ஒரே அணி கலக்ஸிதான். நல்ல வருடங்களில் சராசரி 30,000க்கு மேல் கூட்டம். ஆட்டத்துக்கு முன்னர் மைதான வெளியில் "பவர் பார்ட்டி" என்று ஒரு திருவிழா நடக்கும். ஊதாச் சட்டை போட்ட குடும்பங்கள், பாட்டு, பியர், சொசேஜ். ஆட்டத்தின் விதி பாதி விளங்காமல் வந்தவர்களும் கனபேர். அதனால் என்ன? கோயில் திருவிழாவுக்குப் போகிற எல்லாருக்கும் மந்திரம் தெரியுமா?

இந்தச் சனம் அன்பு வைத்தது யார் மேல் என்று யோசித்தால் எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வீரர்கள் அனேகர் என்.எஃப்.எல். கழகங்கள் "கொஞ்சம் ஆடிப் பழகிக்கொண்டு வா" என்று அனுப்பிய பெடியள். வசந்தத்தில் வருவார்கள், பத்து ஆட்டம் ஆடுவார்கள், ஜூனில் விமானம் ஏறுவார்கள். அடுத்த வருடம் வேறு முகம். 1999இல் கலக்ஸிக்கு ஆடிய ஜேக் டெலோம் 2004 சூப்பர் போலில் கரோலைனாவின் குவார்ட்டர்பாக். அந்த ஆட்டத்தைக் கடைசிச் செக்கன்களில் உதைத்து வென்ற நியூ இங்கிலாந்தின் அடம் வினாற்றியேரி, 1996இல் அம்ஸ்ரடாம் அட்மிரல்ஸுக்கு உதைத்தவர். 1998இல் அதே அம்ஸ்ரடாமுக்கு ஆடிய கேர்ட் வோர்னர் 2000 ஜனவரியில் சூப்பர் போல் சம்பியன். ஐரோப்பா வளர்த்துக் கொடுத்தது, அமெரிக்கா அறுவடை செய்தது.

உள்ளூர் ஆட்களுக்கு இருந்தது சில இடங்கள் மட்டும். அதிலும் கண்ணில் பட்டவர்கள் உதைப்பவர்கள். டுசல்டோர்ஃபின் ரைன் ஃபயருக்கு உதைத்த மன்ஃப்ரட் பேர்க்ஸ்முல்லர், பொருசியா டோர்ட்முண்டின் பழைய உதைபந்தாட்டக் கோல் மன்னன். 52 வயது வரை உதைத்தார். ஸ்கொற்லாந்து அணிக்கு ரக்பித் தலைவர் கவின் ஹேஸ்ரிங்ஸ். வாசிக்கச் சுவையான கதைதான், நாங்களும் ரசித்தோம். ஆனால் லோவனிலும் பாந்தரிலும் வருடக்கணக்காக ஆடி வந்த ஜேர்மன் குவார்ட்டர்பாக்குக்கு அந்த மேடையில் இடம் எங்கே இருந்தது?

"காசு போட்டவன் அவன்தானே, நட்டம் என்றால் மூடத்தானே வேணும்" என்பார்கள். சரி, கணக்கே பார்ப்போம். வருடத்துக்குச் சுமார் 30 மில்லியன் டொலர் நட்டம் என்று அப்போது செய்திகள் வந்தன. கோடிக்கணக்கில் புரளும் என்.எஃப்.எல்.லுக்கு இது ஒரு நல்ல வீரரின் ஒப்பந்தக் காசு. அதோடு அவர்கள் ஐரோப்பாவை விட்டு ஓடவும் இல்லை. கடையை மூடி நாலு மாதத்தில், 2007 ஒக்டோபர் 28, வெம்பிளியில் நியூயோர்க் ஜயன்ற்ஸையும் மயாமி டொல்பின்ஸையும் இறக்கி உண்மையான லீக் ஆட்டம் நடத்தினார்கள். 2022இல் மியூனிக். 2023 நவம்பரில் பிராங்பேர்ட்டிலேயே, கலக்ஸி ஆடிய அதே மைதானத்தில், அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். ஐரோப்பியனுக்கு ஃபுட்போல் ஏறாது என்றால் இது எதற்கு? அவர்களுக்கு ஐரோப்பாவில் பார்வையாளர் வேண்டும், ரிக்கெற் வாங்குகிறவர் வேண்டும், ஜேர்சி வாங்குகிறவர் வேண்டும். வேண்டாதது ஐரோப்பிய அணி மட்டும்தான்.

மூடப்பட்ட அதே 2007இல் கலக்ஸி ரசிகர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். பெயர் பிராங்பேர்ட் யூனிவேர்ஸ். ஏன் கலக்ஸி என்று வைக்கவில்லை? பெயரும் சின்னமும் என்.எஃப்.எல். சொத்து. பதினாறு வருடம் கத்திக் கத்தித் தொண்டை வற்றிய சனத்துக்குத் தங்கட அணியின் பெயரைச் சொல்லி ஆட உரிமை இல்லை. பால்வீதி போனால் என்ன, பிரபஞ்சமே எங்கட என்று பெயர் வைத்தார்களே, அந்தக் குறும்பு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கீழ்ப் பிரிவுகளில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2016இல் ஜேர்மனியின் முதற்பிரிவுக்கு வந்தார்கள். 2018இல் ஜேர்மன் போல் இறுதியாட்டம் வரை போய் 21 - 19 என்று, இரண்டே புள்ளியில், தோற்றார்கள். எந்த ரி.வி. கம்பனியும் தூக்கிவிடாமல் வந்த தூரம் இது.

2021இல் கலக்ஸி உயிர்த்தெழுந்தது என்று எல்லாரும் கொண்டாடினார்கள். யூரோப்பியன் லீக் ஒஃப் ஃபுட்போல் என்ற புது லீக், என்.எஃப்.எல்.லிடம் அனுமதி வாங்கிப் பழைய பெயர்களை எடுத்தது. கலக்ஸி, சீ டெவில்ஸ், தண்டர், செஞ்சூரியன்ஸ், டிராகன்ஸ். முதல் சீசன் இறுதியாட்டத்தில் கலக்ஸி சீ டெவில்ஸை 32 - 30 என்று வென்றது. 2007இன் கடனைத் தீர்த்த மாதிரி. ஆட்டம் நல்ல ஆட்டம், மறுக்கவில்லை. ஐரோப்பிய வீரர்களுக்குக் கூட இடம் கிடைத்தது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நகரத்தில் ரசிகர்கள் 14 வருடமாகக் கையால் கட்டிய கழகம் இருக்க, அதன் அதே போர்ன்ஹைமர் ஹாங் மைதானத்தில், பழைய ஊதாச் சட்டையை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு அணி வந்து நின்றால் அதை உயிர்த்தெழுதல் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சனத்தின் ஞாபகத்தை எடுத்துச் சனத்துக்கே திருப்பி விற்பது அது. அந்த லீக்கின் லைப்சிக் கிங்ஸ் 2023இல் சீசன் பாதியிலேயே கையை விரித்தது. அப்போதும் ரசிகனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இதில் எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். லங்கா பிரீமியர் லீக்கில் நாலு தரம் கிண்ணம் வென்ற யாழ்ப்பாண அணி இருக்கிறதே, 2020இல் ஸ்ராலியன்ஸ், அடுத்த வருடம் கிங்ஸ். 2020 முதல் 2024 வரை யாழ்ப்பாணத்தில் ஒரு மச் கூட ஆடவில்லை. பெயரை மாற்றும்போது யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டார்கள்? பிராங்பேர்ட்டுக்காவது மைதானமும் பவர் பார்ட்டியும் கிடைத்தது.

"பழசைப் பேசிக்கொண்டு இருக்கிறீர்கள், ஃபெரைன் முறையில் தொழில்முறை விளையாட்டு வளராது" என்பதும் வரும். அதே பிராங்பேர்ட்டில் ஐன்ட்ராக்ற் பிராங்பேர்ட் ஒரு ஃபெரைன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர். தொழில்முறை அணியைக் கம்பனியாக நடத்தினாலும் வாக்குப் பெரும்பான்மை கழகத்தின் கையை விட்டுப் போகக்கூடாது என்பது ஜேர்மன் உதைபந்தாட்டத்தின் விதி. 2022இல் அந்தக் கழகம் யூரோப்பா லீக் கிண்ணம் வென்றது. கலக்ஸி ஆடியதும் அவர்களுடைய வீட்டு மைதானத்தில்தான்.

1978இல் தொடங்கிய டுசல்டோர்ஃப் பாந்தரையும் பாருங்கள். அதே நகரத்தில் ரைன் ஃபயர் வந்தது, ஐம்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் ஆடியது, இரண்டு வேர்ல்ட் போல் எடுத்தது, 2007இல் ஒரே அறிவிப்பில் போனது. பாந்தர் ஆறு ஜேர்மன் போல் வென்றது, மேல் பிரிவில் இருந்து கீழே விழுந்தது, திரும்ப ஏறியது. அதை இழுத்து மூட வேண்டுமென்றால் உறுப்பினர் கூட்டம் கூடி, கையை உயர்த்தி, அவர்களேதான் முடிவெடுக்க வேண்டும். அவர்கள் இன்னும் உயர்த்தவில்லை.