கல்லைத் தேடாதீர்கள்!

“நாயைக் கண்டால் கல்லைக் காணோம்” என்பது பழமொழி. காணாததே நல்லது என்பேன் நான்! இரவில் படித்துவிட்டுத் தாராவிச் சந்துக்குள் திரும்பும் நண்பர்களே, நாய் குரைத்தால் ஓடாதீர்கள், கல்லை ஓங்காதீர்கள். அதன் கண்களை உற்றுப் பார்க்காமல் அசையாது நின்று, மெல்ல விலகுங்கள்.

மீறிக் கடித்துவிட்டால்? சென்ற ஆண்டு என்னைக் கடித்தது. ‘சிறு கீறல்தானே’ என்று மஞ்சளை அப்பிக்கொண்டு தேர்வுக்குப் படிக்க அமர்ந்தேன். என்ன அறியாமை! பக்கத்து வீட்டு அக்காள்தான் அதட்டிச் சயான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே, கடிபட்டவுடன் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள்; அன்றே தடுப்பூசி போடுங்கள்; ஒரு தவணையும் தவறவிடாதீர்கள். 1885-இல் பாஸ்டர் திறந்த வழி இது. தேர்வை அடுத்த ஆண்டும் எழுதலாம். உயிர் போனால் வருமோ?