வெள்ளச் சேதமும் காமிராப் பயிற்சியும்

கும்மிடிப்பூண்டி வட்டத்தின் வட கோடியில், பழவேற்காடு ஏரிக்கு மேற்கே அமைந்தது ஆரம்பாக்கம். ஏரியை அடுத்த மீனவர் குப்பங்களும், அவற்றையொட்டிய நெல் வயல்களும் ஒரே தாழ்ந்த சமவெளியில் உள்ளன. வடகிழக்குப் பருவமழை மிகுந்தால் வயல் நீர் வடிவதற்கு வழியின்றித் தேங்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தில் பெய்வித்த பெருமழை யாவர் நினைவிலும் இருக்கும். அத்தகைய நாட்களில் பயிர் எவ்வளவு, எத்தனை நாள் நீருள் நின்றது என்பதைக் காட்ட அத்தாட்சி வேண்டும். பார்வையிட அலுவலர் வருமுன் நீர் வடிந்துவிடுவதும் உண்டு.

இது வீண் கவலையன்று. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெற்பயிர் நீரில் மூழ்குவது தனி நிலத்துக்கு நேரும் இடர்களின் வரிசையிலிருந்து 2018-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மூழ்கிய பயிரின் சேதத்தை மதிப்பிடுவது கடினம் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2026-ஆம் ஆண்டுக் கரீப் பருவம் முதல் அதனை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண்மை அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இவ்வகைச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மதிப்பிடுவது கடினம் என்று ஒருமுறை நீக்கப்பட்ட உரிமைக்குத் துணை நிற்பது தெளிவான பதிவேயாகும்.

கையடக்க டிஜிட்டல் காமிரா இன்று பல வீடுகளில் பேழையுள் கிடக்கின்றது. கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் எடுக்கப்பெற்று, எப்பொழுதும் தானியங்கி முறையிலேயே வைத்து அழுத்தப்படுகின்றது. அதன் மற்ற முறைகளைக் கற்பது பொழுதுபோக்கென்று கருதுவோர் பலர். அக்கருத்து தவறானது. ஏர் பூட்டத் தெரிந்தவன் கொழுவின் ஆழத்தையும் அறிந்திருத்தல் போல, காமிரா வைத்திருப்பவன் அதன் முறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

காமிராவின் வட்டத் திருகிலோ திரையிலோ சில குறிகள் காணப்படும். மலைக்குறி தூரக் காட்சிக்குரியது. வயற்பரப்பையும் நீர்ப்பரப்பையும் எடுக்க ஏற்றது. பூக்குறி மிக அண்மையிலுள்ள பொருளுக்குரியது. அழுகிய தூரையும், இலைப்புள்ளியையும், கதிரில் முளைத்த மணியையும் அதனால் எடுக்கலாம். ஓடும் மனிதன் குறி விரைந்து அசைவனவற்றுக்கு. நிலாக்குறி இரவுக்கு, ஒளி நெடுநேரம் உட்புகுவதால், முக்காலியின்மேல் வைக்காவிடில் படம் கலங்கும். இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தேதியையும் நேரத்தையும் சரிசெய்தல் வேண்டும். மின்கலம் நெடுநாள் தீர்ந்து கிடந்த காமிராவில் தேதி மாறிப்போவது இயல்பு. தவறான தேதி பதிந்த படம் உடையவனுக்கே எதிர்ச்சாட்சியாகும்.

இனி, பரந்த காட்சியைப் பல படங்களாக எடுத்து ஒன்றாக இணைக்கும் பனோரமா முறையைக் கவனிப்போம். சாதாரணக் கையடக்கக் காமிராவின் அகன்ற பார்வை, 35 மில்லிமீட்டர் கணக்கில், ஏறத்தாழ 54 பாகை அகலமே. வரப்பில் நிற்பவன் கண்முன் விரியும் அரைவட்டமோ 180 பாகை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு பொதுவாய் அமையுமாறு எடுத்தால், ஐந்து படங்களில் அவ்வரைவட்டம் அடங்கும். சில காமிராக்களில், முன் எடுத்த படத்தின் ஓரத்தைத் திரையில் காட்டி உதவும் தனி முறை உண்டு. 2009-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வெளியிட்ட காமிராவைப் போல, ஒரே வீச்சாகத் திருப்பினால் தானே இணைத்துக்கொள்வனவும் உண்டு. தனித்தனியே எடுத்தவற்றைக் கணினியில் ஹூகின் போன்ற இலவச மென்பொருளால் இணைக்கலாம்.

எடுக்கும்பொழுது நின்ற இடத்தை விட்டு நகராமல் உடலை மட்டும் திருப்புதல் வேண்டும். ஜூமை மாற்றலாகாது. வெளிச்ச அளவை முதற்படத்திலேயே நிலைநிறுத்துதல் வேண்டும். அன்றேல் சூரியனை நோக்கிய படம் ஒருவகையாகவும், எதிர்த்திசைப் படம் வேறுவகையாகவும் அமைந்து, இணைப்பில் பட்டை தெரியும். மென்பொருள் இரு படங்களிலும் பொதுவான அடையாளங்களைக் கண்டு பொருத்துவது. தேங்கிய நீரில் அடையாளம் இல்லை. அலையோ இடம் மாறும். ஆதலின் பனைமரம், மின்கம்பம், மதகு ஆகியவற்றுள் ஒன்று ஒவ்வொரு பொதுப் பங்கிலும் வருமாறு எடுப்பது நலம்.

இணைத்த படம் அமைக்கப்பட்ட படமே என்பதையும் மறக்கலாகாது. நேரான வரப்பு அதில் வளைந்து தோன்றும்; நடந்து செல்லும் ஆடு இரண்டாகவும் தோன்றக்கூடும். பரப்பைக் கணக்கிட அதனை ஆதாரமாக்குதல் கூடாது. அதற்குச் சர்வே எண்ணும் புலப்படமும் உள. இணைத்த படம் சேதத்தின் விரிவை ஒருங்கே காட்டும். உண்மைக்கு ஆதாரம் மூலப்படங்களே. ஆகவே அவற்றுள் ஒன்றையும் அழிக்காமல், தேதி, திசை, நின்ற இடம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து உடன் வைத்தல் இன்றியமையாதது.

அலுவலர் வந்து பார்ப்பார், கைப்பேசியும் இருக்கின்றது, இத்தொல்லை எதற்கு என்பர் சிலர். இடக்குறி பதிந்த படம் செயலி வழியே கோரப்படும் இடத்தில் கைப்பேசியே வேண்டும். அதனைக் காமிரா விலக்காது. ஆனால் மேற்கூறிய விதிகள் கைப்பேசிக்கும் பொருந்துவனவே. புயல் நாளில் மின்சாரம் நின்று, கைப்பேசி பேச்சுக்கே போதாதபொழுது, முன்னரே மின்னேற்றி வைத்த தனிக் காமிரா கைகொடுக்கும்.

குப்பத்தாருக்கும் இப்பயிற்சி உதவும். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைபடுவது மீனவர்களின் நெடுநாள் குறை. ஒரே இடத்தில் நின்று, மாதந்தோறும், ஒரே அளவில் எடுத்த பரந்த படங்கள் மணல் ஏறிவரும் போக்கை வரிசையாகக் காட்டும். வயலுக்கும் இவ்விதியே. பயிர் செழித்திருந்த நாளில் அதே வரப்பிலிருந்து எடுத்த படம் இருந்தால்தான் வெள்ள நாளின் படத்துக்கு முழுப் பொருள் உண்டாகும்.

அடங்கலைப் பேணும் கிராம நிர்வாக அலுவலரும், நிலமுடையோரும் இதனை ஐப்பசிக்கு முன்பே பழகிக்கொள்வது நன்று. ஒரு காமிராவும் அதனை நன்கு அறிந்த இளைஞர் இருவரும் ஊருக்குப் போதும். புரட்டாசியில் ஒரு மாலைப்பொழுது ஏரிக்கரையில் ஐந்து படங்கள் எடுத்து இணைத்துப் பார்க்கட்டும். பிழைகள் அன்றே தெரியும். வெள்ளம் வந்தபின் காமிராவின் குறிகளைத் தேடிக்கொண்டிருப்பவன், மடையை மழையில் தேடுபவனை ஒப்பான்.