லண்டன் எவ்வளவு தூரம்? வரைபடம் சொல்லாத கணக்கு

கடந்த செப்டம்பரில் என் பெரியம்மா மகள் மேற்படிப்புக்காக லண்டன் புறப்பட்டார். வழியனுப்ப கிள்ளானிலிருந்து குடும்பமே கேஎல்ஐஏ சென்றது. பயணச்சீட்டைப் பார்த்த பாட்டி, "ராத்திரி 11 மணிக்கு ஏறி காலையில 6 மணிக்கு இறங்குறாளே, ஏழு மணி நேரந்தானா?" என்று கேட்டார்.

செப்டம்பரில் லண்டன் நம்மைவிட 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதையும் சேர்த்தால் பயணம் 14 மணி நேரம். ஆனால், இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர்தான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 12 மணி நேரம்கூட ஆகாது. மீதி நேரம் எங்கே போகிறது?

விமானம் மேலேறவும் கீழிறங்கவும் சிறிது நேரம் ஆகும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பலத்த காற்றும் எதிர்த்து நிற்கும். இதே காற்று பின்னிருந்து தள்ளுவதால்தான் லண்டனிலிருந்து திரும்பும் பயணம் பெரும்பாலும் குறைவான நேரத்தில் முடிகிறது.

மூன்றாவது காரணம் அரசியல். உலக உருண்டையில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வட இந்தியா, ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா வழியாக ரஷ்யா, உக்ரேன் பக்கம் செல்லும். உக்ரேன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் மோதலின்போது ஈரான், ஈராக், ஜோர்டான் வான்வெளிகள் மூடப்பட்டன. ஜூன் 23ஆம் தேதி கத்தாரும் சில மணி நேரம் மூடியது. டோஹாவில் விமானம் மாறவேண்டிய பயணிகள் பலர் வழியில் சிக்கினர்.

சுற்றுவழி என்றால் கூடுதல் எரிபொருள், கூடுதல் நேரம். கட்டணமும் உயரலாம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கு இது சிறிய சுமை அல்ல. ஆனாலும், குறுக்குவழியின் விலையை மலேசியர்கள் அறிவோம்.

2014 ஜூலை 17ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேன் மீது ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. மாண்ட 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். அப்போது அப்பகுதியில் 32,000 அடிக்குக் கீழேதான் தடை இருந்தது. விமானம் 33,000 அடியில் பறந்தது. அதாவது, விதிப்படி அந்த வழி திறந்தே இருந்தது.

இதுதான் நாம் கவனிக்க வேண்டியது. போர் நடக்கும் நாடு தன் வான்வெளியை உரிய நேரத்தில் முழுமையாக மூடும் என்று மட்டும் நம்பியிருக்க முடியாது. விமான நிறுவனமும் அதன் அரசாங்கமும் சொந்தமாக முடிவெடுக்க வேண்டும். 2025 மே மாதம் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றம், எம்எச்17 விவகாரத்தில் ரஷ்யா தன் கடமையை மீறியது என்று முடிவு செய்தது. அந்த முடிவு வர ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆயின.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பயணச்சீட்டு வாங்கும்போது விலையையும் நேரத்தையும் மட்டும் ஒப்பிடாதீர்கள். விமானம் எந்த வழியாகப் பறக்கிறது என்பதையும் பாருங்கள். இரண்டு மணி நேரம் தாமதமாக இறங்கினாலும் பாதுகாப்பாக இறங்குவதே முக்கியம்.