ராம்போவின் இரு முகங்கள்

ராம்போ என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம் மனக்கண்முன் நிற்பவன் யாவன்? திரண்ட தோளினனாய், இயந்திரத் துப்பாக்கி ஏந்திப் பகைவரைக் கூட்டங்கூட்டமாய் வீழ்த்துபவன் அன்றோ? அவன் தோன்றிய முதற் படத்தில் அவனால் நேர்ந்த சாவு ஒன்றே என்று யான் கூறியபோது, விடுதி நண்பர் ஒருவர் நம்ப மறுத்தார்.

1982-இல் வெளிவந்த 'பர்ஸ்ட் பிளட்' என்னும் அப்படத்தில், சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த ராம்போ, வியட்நாம் போரினின்று மீண்டு வேலையின்றி அலையும் ஓர் அமெரிக்கச் சிப்பாய். உடன் போர்புரிந்த தோழனைத் தேடிச் செல்கின்றான். தோழனோ புற்றுநோயால் மாண்டுபோயினான். வழியில் ஒரு சிற்றூர். அதன் பெயர் 'ஹோப்', அதாவது நம்பிக்கை! நாடோடி என்றெண்ணி ஊர்க்காவல் தலைவன் அவனை எல்லைக்கு அப்பால் விட்டுவருகின்றான். திரும்பி நடந்தவனைச் சிறையிலிட்டு வதைக்கின்றனர். காட்டுள் ஓடி ஒளிந்தவன், தொடர்ந்து வந்தோரைக் காயப்படுத்துகின்றானேயன்றிக் கொல்லக் கருதவில்லை. அவன் எறிந்த கல்லால் நிலைகுலைந்த ஹெலிகாப்டரினின்று வீழ்ந்து மடிந்தவன் ஒருவனே. முடிவில் தன் பழைய கர்னல்முன் தேம்பி அழுகின்றான். போர்முனையில் பெருவிலைக் கருவிகளை நம்பி ஒப்படைத்தனர். ஊர் திரும்பியபின் கார் நிறுத்தும் வேலைதானும் நிலைக்கவில்லை என்பது அவன் முறையீடு.

டேவிட் மோரல் 1972-இல் எழுதிய மூலநாவலில் ராம்போ இறக்கின்றான். படத்திற்கும் அவன் சாவையே முதலிற் பிடித்து, முன்காட்சி கண்டோர் விரும்பாமையால் மாற்றினர். அன்று அவன் செத்திருப்பின் பெயராவது பிழைத்திருக்கும்!

1985-இல் இரண்டாம் பாகம் வந்தது. சிறையினின்று விடுபட்டு, போர்க்கைதிகளைத் தேடி வியட்நாம் செல்லும் ராம்போ, தோற்ற போரைத் தனியொருவனாய் வென்று மீள்கின்றான். புறத்திணை பயிலும் எமக்கு, கையறுநிலையை வாகையாக மாற்றிப் பாடியது போலும் தோன்றுகின்றது. அவ்வாண்டே, லெபனானில் விமானப் பிணையாளிகள் விடுவிக்கப்பட்டபோது, முதல்நாளிரவு ராம்போவைக் கண்டதாகவும், இனி இத்தகைய இடர் நேரின் செய்யவேண்டுவது தமக்குத் தெரியும் என்றும் குடியரசுத் தலைவர் ரீகன் வேடிக்கையாகக் கூறினார். 1986-இல் அவன் சிறுவர்க்குரிய சித்திரத்தொடரின் தலைவனுமாயினான். 1988-இல் ஆப்கானித்தானம், 2008-இல் பர்மா என அவன் சென்ற போர்க்களங்கள் பெருகின.

கண்டு களிப்பதற்கன்றோ படம், இதனால் தீங்கென்ன என்பார் உளர். முதற் படத்தில் ராம்போவைத் துரத்துவோர் அயலாரல்லர். அவனை அனுப்பிய நாட்டின் குடிகளே. அரங்கில் அமர்ந்திருந்தோர் அவ்வூராரில் தம்மையும் கண்டு நாணவேண்டியிருந்தது. தொடர்ப்படங்களிலோ பகைவர் பெரும்பாலும் அயல்நாட்டார். பார்ப்போர்க்குக் குற்றமுமில்லை, நாணமுமில்லை. எதற்கும் அஞ்சாதானுக்கு வேலை வேண்டுமோ, மருந்து வேண்டுமோ, அவன் நள்ளிரவில் அலறி எழுவானோ என்று எவர் கேட்பர்? இவை அவனையொத்து உண்மையாகவே போரினின்று மீண்டோர்க்கு வேண்டியிருந்தன.

சிப்பாய்கள் நாட்டை நேசிப்பதுபோல் நாடும் அவர்களை நேசிக்க வேண்டும் என்று இரண்டாம் பாகத்தின் இறுதியிலும் அவன் வேண்டுவது உண்மையே. அத்தனை வெடியோசைக்குப் பின் அது எவர் செவியில் ஏறும்? முதற் படத்தைக் காணாத நண்பர்கள், அதன் இறுதிக் காட்சியை மட்டுமேனும் ஒருமுறை காண்பாராக.