சிறு பாஷையும் பெருங் கனவும்

2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி முதல் 13-ந் தேதி வரையில், பின்லாந்து தேசத்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒரு மகாநாடு நடைபெற்றது. அரசியல் தலைவர்கள் கூடிய மகாநாடு அல்ல. வியாபாரிகள் கூடியதும் அல்ல. உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக் கணக்கான ஜனங்கள் கைப்பணத்தைச் செலவழித்துக் கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். எதற்காக என்றால், கதைகளைப் பற்றிப் பேசுவதற்காக! அவையும் நடந்த கதைகள் அல்ல. இனிமேல் நடக்கக் கூடிய கதைகள். ஒரு நாளும் நடக்க முடியாத கதைகள். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்கும் மாயக் கதைகளுக்குமான உலக மகாநாடு அது.

இந்த உலக மகாநாடு முதன் முதலில் 1939-ல் நியூயார்க் நகரத்தில் கூடியது. அன்று முதல் பெரும்பாலும் இங்கிலீஷ் பேசும் தேசங்களிலேயே கூடி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட மகாநாட்டைத் தங்கள் ஊருக்கு அழைத்து வந்தவர்கள், மொத்த ஜனத்தொகை சுமார் 56 லட்சமே உள்ள ஒரு தேசத்தார். அவர்களுடைய பாஷைக்கும், அண்டை அயலிலுள்ள ஸ்வீடிஷ் பாஷைக்கும் ருஷ்ய பாஷைக்கும் உறவே கிடையாது.

“பூதங்களையும் இயந்திர மனிதர்களையும் பற்றிய கதைகளுக்கு இவ்வளவு அமர்க்களமா?” என்று நம் நேயர்களில் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பின்லாந்துக்காரர்களின் விஷயத்தில், இது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு பாஷையின் ஜீவனைப் பற்றிய விஷயம். அதனாலேயே இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

பின்லாந்து சுமார் ஆறு நூற்றாண்டு காலம் ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தது. 1809-ல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆதிக்கத்துக்கு மாறியது. எஜமானர்கள் மாறினார்களே தவிர, கச்சேரியிலும் கல்விச்சாலையிலும் ஸ்வீடிஷ் பாஷையே கொலுவீற்றிருந்தது. பின்னிஷ் பாஷை உழவர்களின் பாஷையாக, அடுப்பங்கரையிலும் வயல் வரப்பிலும் வாழ்ந்து கொண்டிருந்தது. அந்தப் பாஷையில் உயர்ந்த இலக்கியம் உண்டாகும் என்று படித்தவர்களில் பலர் நம்பவில்லை.

அந்தச் சமயத்தில் எலியாஸ் லொண்ரொத் என்னும் வைத்தியர் ஒருவர் கிளம்பினார். கரேலியா பிரதேசத்துக் கிராமங்களுக்குக் கால்நடையாகவும், படகிலும், பனிச் சறுக்குக் கட்டைகளிலும் பிரயாணம் செய்தார். எழுத்தறியாத கிழவர்களும் கிழவிகளும் பாடிய பழம் பாடல்களைக் கேட்டுக் குறித்துக் கொண்டார். அவற்றைக் கோத்து 1835-ல் “கலேவலா” என்ற காவியத்தை வெளியிட்டார். 1849-ல் அது 50 காண்டங்களும் 22,795 அடிகளும் கொண்ட பெருங் காவியமாக வளர்ந்தது.

கலேவலாவில் அரசர்களின் வம்சாவளி எதுவும் இல்லை. பாட்டின் பலத்தினால் எதிரியைச் சேற்றில் அமிழ்த்தும் வைனாமொயினன் என்ற முதியவன் இருக்கிறான். வானத்தையே வடித்துக் கொடுத்த இல்மரினன் என்ற கொல்லன் இருக்கிறான். அவன் செய்த “சம்போ” என்ற அதிசய இயந்திரம் ஒரு புறம் மாவும், ஒரு புறம் உப்பும், மற்றொரு புறம் பணமும் ஓயாமல் அரைத்துத் தள்ளுகிறது! ஆக, பின்னிஷ் பாஷைக்கு மானத்தைத் தேடிக் கொடுத்த முதற் பெரும் நூலே ஒரு மாயக் கதைதான். 1863-ல் அந்தப் பாஷைக்குச் சட்டபூர்வமான அந்தஸ்து கிடைத்தது. 1917 டிசம்பர் 6-ந் தேதி தேசம் சுதந்திரப் பிரகடனம் செய்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் இந்தக் காவியம் ஊட்டிய தன்னம்பிக்கையும் இருந்தது.

கலேவலாவின் கீர்த்தி கடல் தாண்டியும் சென்றது. ஆக்ஸ்போர்டில் மாணாக்கராயிருந்த டோல்கீன் அதில் மனத்தைப் பறிகொடுத்தார். பிற்பாடு தமது மாயக் கதைகளுக்காக அவர் சிருஷ்டித்த பாஷைகளில் ஒன்றுக்குப் பின்னிஷ் பாஷையின் ஓசையே மாதிரியாயிற்று. தமிழர்களுக்கும் இந்தக் காவியத்தோடு ஒரு தொடர்பு உண்டு. இலங்கைத் தமிழரான உதயணன் என்ற ஆர். சிவலிங்கம் பின்லாந்தில் வாழ்ந்து, கலேவலா முழுவதையும் தமிழ்ச் செய்யுளாக்கினார். 1994-ல் அது வெளிவந்தது. நேயர்கள் வைனாமொயினனைத் தமிழிலேயே சந்திக்கலாம்.

இனித்தான் ஆச்சரியமான ஒரு திருப்பம் வருகிறது. மாயக் காவியத்தால் விழித்தெழுந்த இலக்கியம், விழித்த பிறகு மாயத்தை ஒதுக்கி வைத்துவிட்டது! சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1918-ல், உள்நாட்டு யுத்தம். 1939-ல் ருஷ்யாவுடன் பனிக்கால யுத்தம். அதன் பின் மற்றொரு யுத்தம். வறுமையையும் யுத்தத்தையும் கண்ட ஜனங்கள், நிலத்தோடு போராடும் குடியானவனையும் களத்தில் நிற்கும் சிப்பாயையும் உள்ளபடி சித்திரிக்கும் நாவல்களையே இலக்கியம் என்று கொண்டாடினார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் கற்பனைக்கு வீட்டில் இடம் எங்கே என்றால், குழந்தைகளின் அறையில் மட்டுந்தான்.

அந்த அறையிலிருந்து ஒரு மேதை தோன்றியதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்ட பின்லாந்துப் பெண்மணி தோவெ யான்சொன், யுத்தத்தின் இருளில் “மூமின்” என்ற வட்ட மூக்குப் பிராணிகளைச் சிருஷ்டித்தார். 1945-ல் வெளிவந்த முதற் புத்தகத்தில் பெருவெள்ளம் வருகிறது. 1946-ல் வந்த அடுத்த புத்தகத்தில் வால் நட்சத்திரம் பூமியை நோக்கி வருகிறது. வீடிழந்து அலைந்த ஒரு தலைமுறையின் பயத்தைக் குழந்தைகளும் தாங்கக் கூடிய விதத்தில் அவர் சொன்னார். 1966-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பரிசு அவரைத் தேடி வந்தது.

பெரியவர்களின் அறைக்குக் கற்பனையைத் திரும்பக் கொண்டு வந்தவர்கள் யார்? சர்க்கார் அல்ல, சர்வகலாசாலைப் பண்டிதர்களும் அல்ல. சாதாரண வாசகர்கள்!

1976-ல் துர்க்கு நகரத்தில் சில ரசிகர்கள் சேர்ந்து விஞ்ஞானக் கற்பனைச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். மறு வருஷமே “ஸ்பின்” என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1982-ல் ஹெல்சிங்கி ரசிகர்கள் “நட்சத்திர யாத்ரிகன்” என்று பொருள்படும் “தாஹ்திவாயெல்தாயா” என்ற பத்திரிகையையும், தம்பெரே நகரத்து ரசிகர்கள் “வாயில்” என்று பொருள்படும் “போர்த்தி” என்ற பத்திரிகையையும் ஆரம்பித்தார்கள். பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையிலும் விடுமுறை நாளிலும் இவர்கள் பத்திரிகை வேலை பார்த்தார்கள். வந்த கதைகளைப் படித்தார்கள், திருத்தினார்கள், அச்சுப் பிழை பார்த்தார்கள், சந்தாதாரர்களுக்கு அனுப்பி வைத்தார்கள்.

இத்துடன் நிற்கவில்லை. போர்த்தி பத்திரிகை சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. துர்க்கு சங்கத்தார் 1983 முதல் சிறந்த கற்பனைச் சிறுகதைக்கு “அதொரொக்ஸ்” பரிசை அளிக்கத் தொடங்கினார்கள். அதொரொக்ஸ் என்பது 1940-களின் பிற்பகுதியில் ஆர்னே ஹாபகோஸ்கி எழுதிய ஜனரஞ்சகக் கதைகளில் வரும் இயந்திர மனிதனின் பெயர். பண்டிதர்கள் ஏறிட்டும் பாராத கதை ஒன்றின் நாயகனுடைய பெயரையே பரிசுக்குச் சூட்டிய அந்தத் துணிவை நாம் மெச்சுகிறோம்.

1986-ல் “பின்கான்” என்னும் தேசிய ரசிகர் மகாநாடு முதன் முறையாகக் கூடியது. பிறகு ஹெல்சிங்கி, துர்க்கு, தம்பெரே, யுவஸ்க்யுலா என்று ஊர் மாறி ஊர் கூடி வந்திருக்கிறது. அதில் ஒரு விசேஷம்: நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதே அதன் வழக்கம். கலைகளுக்காகக் கிடைக்கும் நன்கொடையையும் தொண்டர்களின் உழைப்பையும் கொண்டே காரியம் நடக்கிறது. டிக்கெட் இல்லாத இடத்துக்குத் தெருவில் போகிறவனும் எட்டிப் பார்ப்பான். குழந்தையை அழைத்துக் கொண்டு தாயாரும் வருவாள். வேடிக்கை பார்க்க வந்தவன் வாசகனாகிறான், வாசகன் தொண்டனாகிறான், தொண்டர்களில் சிலர் ஆசிரியர்களாகவும் ஆகிறார்கள்.

பலன் என்ன என்று பார்ப்போம். யோஹன்னா சினிசாலோ என்ற பெண்மணி இந்தச் சிறு பத்திரிகைகளின் வட்டாரத்தில் வளர்ந்தவர். அதொரொக்ஸ் பரிசைப் பல முறை பெற்றவர். 2000-ம் வருஷத்தில் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. தம்பெரே நகரத்து வாலிபன் ஒருவன், வாசலில் அடிபட்டுக் கிடந்த ஒரு பூதக் குட்டியைக் கண்டு வீட்டுக்குள் எடுத்து வருகிறான். நாட்டுக் கதைகளின் பூதம், இந்நாவலில் கரடியையும் ஓநாயையும் போல ஒரு காட்டு மிருகம். அதைப் பற்றிய பிராணி சாஸ்திரக் குறிப்புகளும் பத்திரிகைச் செய்திகளும் கதைக்கு நடுவே வருகின்றன. படிக்கப் படிக்க, மிருகம் அதுவா மனிதனா என்ற சந்தேகம் நம்மைப் பற்றிக் கொள்கிறது. தேசத்தின் தலைசிறந்த இலக்கியப் பரிசான “பின்லாந்தியா” அந்த நாவலுக்கே கிடைத்தது. பூதம் குழந்தைகளின் அறையிலிருந்து கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது!

அவருக்கு முன்பே வழி திறந்தவர் லேனா க்ரோன். 1985-ல் வெளிவந்த “தைனரோன்” என்ற நூலில், பூச்சிகள் வாழும் நகரத்திலிருந்து ஒருவர் பதில் வராத கடிதங்களை எழுதிக் கொண்டே இருக்கிறார். 1992-ல் அவரும் பின்லாந்தியா பரிசு பெற்றார். எம்மி இதரந்தா என்ற இளம் பெண்மணி 2012-ல் வெளியிட்ட முதல் நாவலில், நல்ல தண்ணீர் அருகிப் போய், இராணுவத்தின் காவலில் இருக்கிறது. வடகோடிக் கிராமமொன்றில், தேநீர்ச் சடங்கைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்துப் பெண், மலைக்குள் மறைந்திருக்கும் ஊற்றின் இரகசியத்தைக் காக்கிறாள். அண்டை வீட்டார் தாகத்தால் வாடும்போது இரகசியத்தைக் காப்பதா, தண்ணீரைக் கொடுப்பதா? எந்தத் தேசத்து வாசகனுக்கும் நெஞ்சில் தைக்கும் கேள்வி அல்லவா?

சினிசாலோ 2013-ல் எழுதிய மற்றொரு நாவலைப் பற்றிச் சொன்னால் நம் நேயர்கள் திடுக்கிடுவார்கள். ஜனங்களின் ஆரோக்கியத்தைக் காப்பதாகச் சொல்லி எல்லாவற்றிலும் தலையிடும் ஒரு கற்பனைப் பின்லாந்து அரசாங்கம், மிளகாயைப் போதைப் பொருள் என்று தடை செய்துவிடுகிறது! மிளகாய் கள்ளத்தனமாக விற்கப்படுகிறது. சிரிப்போடு ஆரம்பித்தாலும், பெண்களை அடக்கமான வீட்டுப் பிராணிகளாக வளர்க்கும் ஒரு சமூகத்தின் பயங்கரத்தில் அந்தக் கதை நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இவ்வளவு வெற்றிக்கு நடுவே ஒரு கவலையும் இருக்கிறது. அதை மறைப்பதற்கில்லை. பின்லாந்தில் பிறந்த ஹன்னு ராயனியெமி 2010-ல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற முதல் நாவலை இங்கிலீஷில்தான் எழுதினார். இதரந்தா தமது நாவலைப் பின்னிஷிலும் இங்கிலீஷிலும் தாமே எழுதினார். சிறு பாஷையில் எழுதுகிறவனுக்கு வாசகர்கள் சில ஆயிரம் பேர். இங்கிலீஷில் எழுதினால் பல லட்சம் பேர். ஆசிரியர்களை நாம் குறை கூறமாட்டோம். வயிறும் புகழும் இருவருக்கும் உண்டு. ஆனால் எதிர்காலத்தைப் பற்றிய கதைகள் எல்லாம் ஒரே பாஷைக்குப் போய்விட்டால், மற்றப் பாஷைகளுக்கு இறந்த காலம் மட்டுந்தானே மிஞ்சும்? பழம் பெருமை மட்டும் பேசும் பாஷை பூஜை அறையில் வைத்த பாத்திரம் போன்றது; அதில் யாரும் சமைப்பதில்லை.

பின்லாந்துக்காரர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். மின்சாரத்துக்கு “சாஹ்கோ” என்ற சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டாக்கிக் கொண்டவர்கள் அவர்கள். கம்ப்யூட்டருக்கு “தியெதோகோனெ”, அதாவது அறிவு இயந்திரம் என்று பெயர். அவர்களுடைய பாஷையில் அவனுக்கும் அவளுக்கும் “ஹான்” என்ற ஒரே சொல்தான். ஒரு பாத்திரம் ஆணா பெண்ணா என்பதைக் கதை முடியுமட்டும் சொல்லாமலே எழுத அந்த ஆசிரியர்களால் முடியும். இங்கிலீஷில் மொழிபெயர்ப்பவர்தான் திண்டாட வேண்டும்! ஒவ்வொரு பாஷைக்கும் அதற்கே உரிய கனவு ஒன்று உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

உலக மகாநாட்டு விஷயத்திலும் முதலில் தோல்விதான். 2015-ம் வருஷத்து மகாநாட்டைக் கேட்டார்கள். 2013-ல் நடந்த வாக்கெடுப்பில் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரம் ஜயித்துவிட்டது. சோர்ந்து போகாமல் மறுபடியும் முயன்று, 2017-ம் வருஷத்தைப் பெற்றார்கள். அந்த மகாநாட்டின் கௌரவ விருந்தினர்களில் ஒருவர் யோஹன்னா சினிசாலோ. துர்க்குவில் சங்கம் தொடங்கி அப்போது 41 வருஷங்கள் ஆகியிருந்தன.

கலேவலாவில் சம்போ இயந்திரம் கடைசியில் கடலில் விழுந்து சுக்கு நூறாகிறது. வைனாமொயினன் அதற்காக அழுது கொண்டு உட்காரவில்லை. கரை ஒதுங்கிய சில்லுகளைப் பொறுக்கித் தன் மண்ணில் ஊன்றுகிறான். நாட்டின் செழிப்பு அதிலிருந்து முளைக்கும் என்பது அவன் நம்பிக்கை. பின்லாந்து வாசகர்கள் செய்ததும் அதுதான். தங்கள் பாஷைக்கு இலக்கியம் இல்லையே என்று ஏங்கும் வாசகர்கள் எந்தத் தேசத்திலிருந்தாலும், முதலில் ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டட்டும். பிறகு அதற்கு அச்சுப் பிழை பார்த்துக் கொடுக்கட்டும். மற்றவை தாமே வரும்.