அந்தப் பத்து ஏடுகள் எவை?

திருப்போரூரிலிருந்து கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் கொத்தனார், அடையாள அட்டையைக் காட்டாமல் வாயிலைத் தாண்ட முடியாது. நாட்டின் ரகசியம் காக்கப்பட வேண்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. கூலித் தொழிலாளியிடம் காட்டும் இந்தக் கறார், மேலிடத்தில் மட்டும் காணாமல் போவதுதான் கண்டனத்துக்குரியது.

அதற்கு மித்ரோகின் விவகாரமே சான்று. சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் ஆவணக் காப்பாளராக இருந்தவர் வசீலி மித்ரோகின். ரகசியக் கோப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, காலணிக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனவர். 1992-இல் அந்தக் குறிப்புகளோடு பிரிட்டனிடம் அடைக்கலம் புகுந்தார். வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூவுடன் சேர்ந்து எழுதிய இரண்டாம் நூல், அவர் இறந்தபின் 2005 செப்டம்பரில் வெளிவந்தது. 1973 வாக்கில் 10 இந்திய ஏடுகள் கே.ஜி.பி.யிடம் பணம் வாங்கின என்றும், 1972-இல் மட்டும் 3,789 கட்டுரைகளை இந்தியப் பத்திரிகைகளில் நுழைத்ததாக அந்த அமைப்பே கணக்கு எழுதியிருக்கிறது என்றும் அந்நூல் சொல்கிறது. ஏடுகளின் பெயர் மட்டும் இல்லை.

வெறும் பரபரப்பு என்று காங்கிரஸ் தள்ளிவிட்டது. பா.ஜ.க.வின் அத்வானி வெள்ளை அறிக்கை கேட்டார். 2014-இல் ஆட்சி அவர் கட்சியின் கைக்கு வந்தது. வெள்ளை அறிக்கை வரவில்லை. எதிர்வரிசையில் இருந்தால் ஆவேசம், ஆளும் வரிசைக்கு வந்தால் மௌனமா?

தங்கள் மேலிடத்தை மகிழ்விக்க கே.ஜி.பி. உளவாளிகள் கணக்கை ஊதிக் காட்டியிருக்கலாம். அதையும் ஆராய்ந்து சொல்ல வேண்டியது அரசின் கடமை. பெயர் தெரியாத பத்து ஏடுகளால், நேர்மையாக நடந்த மற்ற ஏடுகள் அத்தனையும் கறை சுமக்கின்றன.

இதே நாட்டில்தான் 1994-இல், நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் பொய்யான உளவு வழக்கில் சிறை வைக்கப்பட்டார். அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2018 ஆயிற்று. அப்பாவிக்குச் சிறை, அச்சேறிய குற்றச்சாட்டுக்கோ விசாரணைகூட இல்லை.

ரகசியம் என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உளவு அமைப்புகளுக்கு விலக்கு தருகிறது. ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்நியப் பணம் வாங்கி எழுதுவது ஊழல் இல்லையா?

மத்திய அரசு கோப்புகளைத் திறக்க வேண்டும். சி.ஐ.ஏ. பணம் இந்திய அரசியலுக்குள் வந்தது என்று முன்னாள் அமெரிக்கத் தூதர் மோய்னிஹன் 1978-இல் எழுதியதையும் சேர்த்து விசாரிக்கட்டும். உண்மையென்றால் பெயரைச் சொல்லுங்கள். பொய்யென்றால் ஆதாரத்தோடு மறுப்பு வெளியிடுங்கள். 2005-இல் கேட்ட வெள்ளை அறிக்கையை, கேட்டவர்களே இப்போது தரட்டும்.